செயலாளரின் ஆண்டறிக்கை: சக்கரமும் சந்தா பாக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் நம் இசை கேட்கும் சங்கத்தின் பதினோரு உறுப்பினர்களே, வணக்கம். வர இயலவில்லை என்று தகவல் சொன்ன ஆறு பேருக்கும் வணக்கம். தகவலும் சொல்லாத மற்றவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் அனுப்பப்படும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன வருட அறிக்கை நீளம் என்று பேச்சு வந்தது. அதனால் வழக்கமான விஷயங்களை முதலில் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். ஜனவரியில் நிர்வாகிகள் தேர்வு, போட்டியில்லை. மார்ச்சில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கப்பட்டது. மே மாதம் விடுமுறை. மீதிப் பதினொன்றில் ஒன்பது கூட்டங்கள் நடந்தன. இரண்டுக்குக் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நானும் தலைவரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தோம். செப்டம்பரில் இருவர் சேர்ந்தார்கள், அக்டோபரில் ஒருவர் விலகினார்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் நினைவிருக்கும். ஆண்டு முழுக்க ஒரே இசைக்குழு. அதிலும் ஸ்டுடியோ ஆல்பங்களை விட்டுவிட்டு, கிளப்களில் நேரடியாக வாசித்தவை மட்டும். யோ லா டெங்கோ என்று முடிவானது. 1984-இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஹொபோகனில் தொடங்கிய குழு. ஐரா கேப்லனும் ஜார்ஜியா ஹப்லியும் கணவன் மனைவி. ஜேம்ஸ் மெக்நியூ பிற்பாடு வந்து சேர்ந்தவர். மூன்றே பேர். ஒரு பாட்டில் ஹப்லி முணுமுணுப்பதுபோல் பாடுவார், மூச்சுவிடுவது கூடக் கேட்கும். அடுத்த பாட்டில் கேப்லன் கிதாரைப் பத்து நிமிடம் அலறவிடுவார். இப்படி ஒரு குழுவை எடுத்துக்கொண்டால் சண்டை வராமல் இருக்காது என்று நான் அன்றைக்கே சொன்னேன். நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெயருக்கு ஒரு பேஸ்பால் கதை உண்டு. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணியில், உயரப் பறந்து வரும் பந்தைப் பிடிக்க இருவர் ஓடி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்களாம். ஒருவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அதனால் மற்றவர் ‘யோ லா டெங்கோ’, அதாவது ‘பந்து என்னுடையது, நான் பிடிக்கிறேன்’ என்று கத்தக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை ஸ்பானிஷ்காரர் ஒழுங்காக விலகி நின்றார். ஆனால் அந்த வார்த்தை புரியாத மூன்றாமவர் ஓடி வந்து இடித்துத் தள்ளிவிட்டார். நம் சங்கத்தில் யாரும் யாரையும் இடித்ததில்லை. பந்து தரையில் விழும்வரை எல்லோரும் நின்று பார்ப்போம்.

ஜூன் கூட்டத்துக்கு வருவோம். 2011 தொடக்கத்தில் இந்தக் குழு போன சுற்றுப்பயணத்தில் மேடையில் ஒரு சக்கரம் இருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவரை மேலே அழைத்துச் சுற்றச் சொல்வார்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதுதான் அன்றைய முதல் பாதி. ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் பாட்டுகள் வரலாம், ரசிகர்களின் கேள்விக்குப் பதில் வரலாம். இரண்டாம் பாதி வழக்கமான கச்சேரி. சிகாகோவில் சக்கரம் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கான கட்டத்தில் போய் நின்றது. பாட்டு கேட்க வந்து நின்ற கூட்டத்துக்கு முன்னால் சைன்ஃபெல்ட் தொடரின் ஒரு பகுதியை நடித்துக் காட்டினார்கள். அதுவும் எந்தப் பகுதி? உணவகத்தில் மேசை கிடைக்கும் கிடைக்கும் என்று கடைசிவரை காத்திருந்து, கிடைக்காமல் வெளியேறும் பகுதி.

இதைச் சொன்னதும் நம் அரங்கு இரண்டாகப் பிரிந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “காசு கொடுத்து வந்தவன் கேட்க வந்ததைத் தராமல், கேட்காததைத் தருவது கலையா? ரசிகனை உட்கார வைத்துக் கேலி செய்வது இல்லையா?” என்றார். செப்டம்பரில் முறையாகச் சேர்ந்த, ஜூனில் விருந்தினராக வந்திருந்த பெண் பதில் சொன்னார்: “நினைத்ததையே கேட்க வேண்டும் என்றால் வீட்டிலேயே ரெக்கார்டைப் போட்டுக் கேட்கலாமே ஐயா.” பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “வீட்டில் எங்கேம்மா கேட்க விடுகிறார்கள்?” என்றார். இந்த வருடத்தின் மிகச் சிறந்த விவாதம் அதுதான் என்று நினைக்கிறேன். வராதவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

என் கருத்தைக் குறிப்பேட்டில் ஏற்றக்கூடாது என்று தலைவர் சொல்லியிருப்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் பேர் கூடும் மைதானத்தில் இந்த விளையாட்டை விளையாட முடியாது. இருநூறு முந்நூறு பேர் நிற்கும் கிளப்பில்தான், முன்வரிசைக்காரர் கொட்டாவி விடுவது மேடையில் இருப்பவருக்குத் தெரியும் இடத்தில்தான், இப்படிச் செய்யத் துணிவு வரும். பிடிக்காமல் போனாலும் முகத்துக்கு நேரே போகும், அவ்வளவுதான்.

இந்த உற்சாகத்தில்தான் நம் சங்கத்துக்கும் ஒரு சக்கரம் செய்தேன். அதைப் பற்றிப் பலவிதமாகப் பேச்சு வந்திருப்பதால் முழு விவரமும் தருகிறேன்.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வட்டமாக வெட்டி, நடுவே சைக்கிள் சக்கரத்தின் அச்சைப் பொருத்தினேன். எட்டுக் கட்டங்கள்: அமைதியான பாட்டுகள், இரைச்சல், பிறர் பாட்டை இவர்கள் பாடியது, கச்சேரி முடிந்தபின் ரசிகர்கள் கேட்டு வாசிக்கும் ‘என்கோர்’ பாட்டுகள் மட்டும், ஹனுக்கா என்ற யூதப் பண்டிகை இரவு, கேள்வி பதில், உறுப்பினர் விருப்பம், சந்தா வசூல். மூன்று இரவு உட்கார்ந்து வண்ணம் தீட்டியது நான். செலவு என் கைக்காசு, சங்கக் கணக்கில் வைக்கவில்லை. ஜூலையில் சுற்றினோம்: ஹனுக்கா இரவு. ஆகஸ்டில் சுற்றினோம்: ஹனுக்கா இரவு. அந்தக் கட்டம் செயலாளருக்குப் பிடித்தமானது என்பது எல்லோருக்கும் தெரியும் ஆதலால், சக்கரத்தில் ஏதோ செய்துவைத்திருக்கிறேன் என்று ஒரு உறுப்பினர் சபையிலேயே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்துத் தடவை சுற்றிப் பார்த்தேன். ஆறு தடவை அதே கட்டம். அப்புறம்தான் புரிந்தது. ஹனுக்கா என்பதை முதலில் எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டு, அதன்மேல் இன்னொரு தடித்த தாளை ஒட்டியிருந்தேன். பசையும் தாளும் சேர்ந்து அந்தப் பக்கம் கனம். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். முள்ளை நான் கீழே வைத்திருந்தேன். இவ்வளவுதான் சூழ்ச்சி. எதிர்ப்பக்கத்தில் ஒரு இரும்பு வாஷரை ஒட்டிச் சரிசெய்துவிட்டேன். செப்டம்பரில் சுற்றியபோது ‘சந்தா வசூல்’ வந்தது. உடனே மறுபடி சுற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். இந்த ஆண்டு ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

ஹனுக்கா இரவுகள் பற்றி இரண்டு வார்த்தை. 2001-இல் இந்தக் குழு தங்கள் ஊரிலேயே, மேக்ஸ்வெல்ஸ் என்ற கிளப்பில், அந்த யூதப் பண்டிகையின் எட்டு இரவும் தொடர்ந்து வாசித்தது. சுமார் இருநூறு பேர்தான் கொள்ளும் இடம். ஒவ்வொரு இரவும் வேறு பாட்டு வரிசை, வேறு விருந்தினர்கள், தொடக்கத்தில் ஒரு நகைச்சுவையாளர். யார் வருவார் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. வசூல் நற்பணிகளுக்குப் போனது. இடையில் சில வருடம் விட்டுவிட்டு 2012 வரை அங்கே நடந்தது. 2013-இல் அந்தக் கிளப் மூடப்பட்டது. 2017-இல் ஆற்றுக்கு அக்கரையில், நியூயார்க்கின் பவரி பால்ரூமில் மறுபடி தொடங்கினார்கள்.

கிடைத்த பதிவுகளை வைத்து, எட்டு இரவுக்கு நாலு ஞாயிறு என்று கணக்குப்போட்டு நான் ஒரு தொடர் கேட்பு ஏற்பாடு செய்தேன். முதல் ஞாயிறு பதினான்கு பேர். இரண்டாவது ஒன்பது. மூன்றாவது ஐந்து. நாலாவது ஞாயிறு நானும் தலைவரும், மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க வந்த ஒருவரும். குடைக்காரர் இரண்டு பாட்டு இருந்து கேட்டார். அவருக்கு நன்றி.

வராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் ஞாயிறு, மெதுவான ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பதிவில் பின்வரிசையில் யாரோ இருவர் பேசிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. எங்கோ ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தது. பேச்சு நின்றது. அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை ஒரு இருமல்கூட இல்லை. கிதாரின் கடைசிக் கம்பி ஓய்ந்த பிறகும் யாரும் உடனே கைதட்டவில்லை. நம் பெரியவர் விரலை உயர்த்தி எங்களையும் பேசாதிருக்கச் சொன்னார். ஸ்டுடியோ பதிவில் அந்தக் குவளையைத் துடைத்து எடுத்திருப்பார்கள். குறிப்பேட்டில் பாட்டின் பெயர், நீளம், முந்தைய இரவு வந்ததா என்ற பத்திகளோடு ‘கூட்டம்’ என்று ஒரு பத்தியும் போட்டிருக்கிறேன். அதில் இதை எழுதிவைத்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆகிவிட்டது. இதுவரை அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் ஒருவர். அவரும் தொலைபேசி எண் குறித்துக்கொள்ள ஒரு தாள் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

சத்தம் பற்றிய தகராறு அக்டோபரில். இரைச்சல் கட்டத்தைக் குறைந்த சத்தத்தில் கேட்பது ஏமாற்று வேலை என்று ஒரு தரப்பு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அளவுகோலில், இசை அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று இருப்பதை எடுத்துக்காட்டினேன். மை பிளடி வாலன்டைன் குழு 2008-இல் மீண்டும் மேடையேறியபோது வாசலிலேயே காதை அடைத்துக்கொள்ள இயர்பிளக் கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி நாமும் ஒரு பெட்டி வாங்கினோம். கணக்கில் ‘காது’ என்று ஒரு செலவு இருக்கிறதே, அது என்ன என்று பொருளாளரிடம் கேட்டவருக்கு இதுவே பதில்.

நவம்பரில் ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு பற்றி ஒரு கிளை விவாதம். 1984-இல் ஓக்லஹோமா சிட்டியில், கூட்டத்தில் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த ஒருவரிடமிருந்து ஒலிநாடாவைப் பிடுங்கி, மறுவருடம் அதையே அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். பாதியில் நிற்கும் பாட்டுகளும் பிறர் பாட்டுகளும்தான் அதில் நிறைய. ரசிகனுக்கு மரியாதையா அவமரியாதையா என்று இரவு வரை பேசினோம். முடிவு எட்டவில்லை.

இந்த விவாதங்கள் எல்லாவற்றிலும் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்: “நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.” நம் உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டில் இருந்தபோது இந்தக் குழுவை ஒருமுறை கிளப்பில் பார்த்திருக்கிறார். மறுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததாக அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்பது கூட்டங்களில் அவர் வந்தது இரண்டு. மற்ற ஏழுக்கும் மறுநாள் நம் உறுப்பினர்களின் செய்திக் குழுவில் நீண்ட செய்தி அனுப்பி, நாங்கள் பேசியது தவறு என்று விளக்கினார். நேரில் இருப்பதன் மகிமையை இவ்வளவு சொல்பவர் நம் கூட்டத்துக்கும் நேரில் வந்தால் நன்றாக இருக்கும். பெயர் சொல்லவில்லை. அவரும் இன்று வரவில்லை.

கணக்குக்கு வருகிறேன். வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ‘ஏறக்குறைய’ என்பதைப் பொருளாளர் தேவைப்பட்டால் விளக்குவார். வாடகை, மின்சாரம், பழுது, காது ஆகியவை போகக் கையிருப்பு சிறிதளவு. முப்பத்தொரு உறுப்பினர்களில் சந்தா முழுதாகக் கட்டியவர்கள் பதின்மூன்று பேர். பாதி கட்டியவர்கள் நால்வர். மீதிப்பேரைப் பற்றி எழுதினால் அறிக்கை நீளும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஃபுகாசி என்ற வாஷிங்டன் குழு பெரும்பாலும் ஐந்து டாலருக்குத்தான் டிக்கெட் விற்றது. எந்த வயதுக்காரரும் வரலாம். கூட்டத்தில் பிறரை இடித்து முரட்டுத்தனம் செய்பவரைக் கண்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு, ஐந்து டாலரை உறையில் போட்டுக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். 800-க்கும் மேற்பட்ட கச்சேரிகளின் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்து, 2011 முதல் பொதுவில் கிடைக்கச் செய்தார்கள். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது, நம் சங்கத்திலும் ஒழுங்கீனமாக நடப்பவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பலாமே என்று யோசனை வந்தது. நல்ல யோசனைதான். திருப்பிக் கொடுக்க அவர்கள் முதலில் கட்டியிருக்க வேண்டும்.

நன்றிகள்: தலைவருக்கு, பொருளாளருக்கு, ஒலிபெருக்கியைத் தூக்க உதவிய இருவருக்கு, பழுதுபார்த்துக் கொடுத்தவருக்கு, இரைச்சல் கட்டத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்துக் கட்டடத்தாருக்கு.

அடுத்த வருடம் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு யோசனைகள் இருக்கின்றன. சந்தா இப்போதுள்ள நிலையிலேயே இருந்தால் ஏப்ரல் வரைதான் இந்த இடத்தில் கூட முடியும். அதன் பிறகு யார் வீட்டிலாவது கூடலாம், வீட்டில் கேட்க விடுகிறவர்கள் கை உயர்த்தவும். சந்தா வந்துவிட்டால் ஃபுகாசியை எடுத்துக்கொள்ளலாம். பதிவுகளுக்குப் பஞ்சமில்லை, ஆயுசுக்கும் போதும். சக்கரத்துக்குப் புது அட்டை வாங்கிவைத்திருக்கிறேன், இந்த முறை முள் மேலே.

செயலாளர் பொறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு வருடமாகிறது. வேறு யாராவது முன்வந்தால் குறிப்பேட்டையும் அரங்கின் சாவியையும் இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்காரத் தயார். போன வருடமும் இதையே சொன்னேன். எல்லோரும் கைதட்டினீர்கள். அதைப் போகச் சொல்வதாக எடுப்பதா, இருக்கச் சொல்வதாக எடுப்பதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணி. ஐந்தரைக்கு வருபவர்கள் கதவைத் தட்டவும், உள்ளே சத்தமாக இருக்கும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. யோ லா டெங்கோ.

இப்படிக்கு,
செயலாளர்