முடிவுரையை யாரும் படிப்பதில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை நம் நாளிதழோடு வந்த பத்தாம் வகுப்புத் தேர்வு வழிகாட்டியில், தமிழ்ப் பக்கத்தின் அடியில் பெட்டி கட்டி ஒரு யோசனை போட்டிருந்தீர்கள். "முடிவுரைக்கு நேரத்தை வீணாக்காதீர்கள். முன்னுரையையே சொல் மாற்றி நான்கு வரி எழுதினால் போதும். திருத்துபவர்கள் அதைப் படிப்பதில்லை."

அந்தத் திருத்துபவர்களில் நானும் ஒருத்தி. 31 ஆண்டு தமிழ் நடத்தியவள். அதில் 18 ஆண்டு, கோடை வெயிலில் விடைத்தாள் முகாமுக்குப் போய், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முடிவுரை வரைக்கும் படித்தவள். நாங்கள் படிப்பதில்லை என்று தங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

சரி, எல்லோரும் எல்லாத் தாளையும் படித்தார்களா என்றால், இல்லை. முற்பகலில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. மூன்று மணிக்கு மேல் 'முடிவுரை' என்ற தலைப்பு இருக்கிறதா என்று மட்டும் கண் தேடும். அடிக்கோடு போட்டிருந்தால் கூடுதல் சந்தோஷம். ஆனால் கட்டு முழுக்க ஒரே முடிவுரை வந்தால் யார்தான் படிப்பார்கள்? அது எப்படி வந்தது? தாங்கள் பெட்டி கட்டிப் போட்டது மாதிரியான யோசனைகளால் வந்தது.

என் மகள் வயிற்றுப் பேத்தி இந்த ஆண்டு பத்தாவது. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் டியூஷனில் கொடுத்த முடிவுரை ஒன்று இருக்கிறது. "இவ்வாறு ......... பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் கண்டோம். எனவே நாம் அனைவரும் ......... போற்றுவோம்!" கோடிட்ட இடத்தில் மரம், நீர், தமிழ், எதை வேண்டுமானாலும் போடலாம். சாலைப் பாதுகாப்புக் கட்டுரையில், முதல் கோட்டில் எழுதியதையே அவசரத்தில் இரண்டாவது கோட்டிலும் எழுதிவிட்டாள். "எனவே நாம் அனைவரும் சாலை விபத்துகளைப் போற்றுவோம்!" டியூஷன் ஐயா அதற்கும் டிக் அடித்திருக்கிறார். நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து, "அம்மாச்சி, அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, பேப்பர்லயே போட்டிருக்கு" என்று தங்கள் நாளிதழை எடுத்து வந்து காட்டினாள். அப்படித்தான் இந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது.

'எனவே' என்று எழுதினால், அது பிறப்பதற்கு அதற்கு முன்னால் ஏதாவது இருக்க வேண்டாமா? முடிவுரைக்கு மேற்கோள் என்றால் பிள்ளைகள் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று போடுகிறார்கள். அது கணியன் பூங்குன்றனார் பாட்டைத் தொடங்கிய வரி. அவர் எங்கே முடித்தார் என்பது தாங்கள் அறியாததல்ல. மலையிலிருந்து கல்லில் மோதி இறங்கும் ஆற்றில், நீரின் போக்கிலேயே போகும் தெப்பம்போல உயிரும் விதியின் போக்கில் போகிறது என்று காட்டிவிட்டு, 'ஆகலின்', அதாவது 'எனவே', என்கிறார். அதற்கு அப்புறம்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று வருகிறது. தெப்பம் இல்லாமல் அதை மட்டும் சொல்லியிருந்தால் பள்ளிச் சுவரில் எழுதும் வாசகமாக நின்றிருக்கும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும் என்று இதே பத்தாம் வகுப்பில் அலகிடச் சொல்லித் தருகிறோம். ஈற்றுச் சீருக்கு அவ்வளவு கறார். ஈற்றுப் பத்தி என்றால் நான்கு வரி போதும், யாரும் படிப்பதில்லை.

'விண்வெளியும் கல்பனா சாவ்லாவும்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பு உண்டு. பிள்ளைகள் எல்லோரும் "அவர் மறைந்தாலும் அவர் புகழ் மறையவில்லை" என்றுதான் முடிப்பார்கள். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, என் வகுப்புப் பையன் ஒருவன் அவர் இறந்த கொலம்பியா விண்கல விபத்தைப் பொருளுரையிலேயே தேதியோடு எழுதிவிட்டு, முடிவுரையில் இரண்டே வரி எழுதியிருந்தான். "தரையிறங்க இன்னும் 16 நிமிடம்தான் இருந்தது. பள்ளி விட்டு நாங்கள் பஸ்ஸுக்கு நிற்பது அதைவிட அதிக நேரம்." நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையில் 'முடிவுரை எங்கே?' என்று எழுதி, ஒரு மதிப்பெண் குறைத்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. மறுநாள் குறைத்ததைக் கூட்டிப் போட்டேன். ஆனால் அடுத்த தேர்வில் அவனும் "புகழ் மறையவில்லை" என்றே முடித்தான். ஆகவே தங்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

அரசுப் பொருட்காட்சி என்ற தலைப்பும் அப்படித்தான். மதுரை தமுக்கம் மைதானத்தில் ராட்டினம் ஏறி, டெல்லி அப்பளத்துக்குச் சண்டை போட்டு வந்த பிள்ளை, "இத்தகைய பொருட்காட்சிகள் நம் அறிவை வளர்க்கின்றன" என்று முடிக்கிறது. ராட்டினத்திலிருந்து அறிவு வளர்ந்து இறங்கிய பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

முடிவுரை எழுதச் சொல்லிக்கொடுக்கத்தான் எங்களுக்கு நேரம் ஏது? ஜனவரி பிறந்தால் "டீச்சர், தமிழ்தானே" என்று கணக்கு சார் என் பாடவேளையைக் கடன் வாங்குவார். இத்தனை ஆண்டில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இரண்டு தாளாக இருந்த தமிழை ஒரே தாளாக்கிய பிறகு அவருக்கு இன்னும் வசதி. அப்புறம், தங்கள் நாளிதழே செய்திகளை எப்படி முடிக்கிறது? "அதிகாரிகள் கவனிப்பார்களா என்பதே பொதுமக்களின் எதிர்பார்ப்பு." குடிநீர்க் குழாய் உடைந்தாலும் இதே வரி, கொசு பெருகினாலும் இதே வரி. டியூஷன் ஐயாவின் கோடிட்ட இடம் தேவலை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2014-இல் எங்கள் பள்ளி வாசலில் நிழற்குடை இல்லாதது பற்றித் தங்களுக்கு எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டீர்கள். நிழற்குடை வேண்டும் என்ற கோரிக்கையே அந்தப் பத்தியில்தான் இருந்தது. அச்சில் வந்த கடிதம், புளியமர நிழலில் பிள்ளைகள் காத்திருக்கும் அழகை நான் ரசித்து எழுதியதுபோல நின்றது. தலைமையாசிரியர் பாராட்டினார்.

நான் கேட்பது சின்ன விஷயம். வரும் செவ்வாய்க்கிழமை அதே அளவுப் பெட்டியில் இதைப் போடுங்கள்: 'முடிவுரைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கி வை. பொருளுரையில் எழுதியவற்றுள் உனக்கே பிடித்த ஒன்றை மறுபடி எடுத்து, அதிலிருந்து உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. புதுச் செய்தியை அங்கே நுழைக்காதே. எழுதியதை வேறொரு கட்டுரையின் அடியில் ஒட்டிப் பார். ஒட்டினால் அடித்துவிட்டு வேறு எழுது.' இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் பொருட்காட்சியை எடுத்துவிடுங்கள், கணக்கு சாரையும் எடுத்துவிடுங்கள். இந்தப் பத்தியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
மதுரை மாவட்டம்.