ஹெல்மெட் இல்லாவிட்டால் உள்ளே விடாதே என்கிறாய்

மன்னார்குடி
ஐப்பசி

அன்புள்ள கலா,

உன் கடிதமும் பேரன் படமும் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தன. முகத்தை விட ஹெல்மெட் பெரிசாக இருக்கிறது அவனுக்கு. உன் ஜாடைதான், முறைப்பு உட்பட. இங்கே எல்லாரும் சௌக்கியம். அவர் ரிட்டையர் ஆன பிறகு கொல்லையில் வாழை வைத்துவிட்டு அதற்குக் காவல் காக்கிறார். எனக்கு முழங்கால் வலி. விசிலை ஊதிவிட்டு ஓடாமல் நிற்கிற பி.டி. டீச்சராகிவிட்டேன். இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ், தள்ளிவிடலாம்.

நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். "உன் ஸ்கூலில் அத்தனை பொண்ணுங்க சைக்கிளில் வருதுங்க, ஒண்ணு தலையிலயாவது ஹெல்மெட் இருக்கா? இல்லாம வந்தா கேட்டிலேயே நிறுத்து. ஒரே வாரத்தில் சரியாயிடும்" என்று கேட்டிருந்தாய். மெல்பர்னில் உட்கார்ந்து சொல்வது சுலபம்டி. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் நீ எழுதுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இங்கே ஒரு பெண் விழுந்து எழுந்தாள்.

பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த புதுச் சைக்கிள். குறுவை அறுப்பு முடிந்து ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியும் அந்தக் காட்சி. நெல்லுக்கு ஒதுங்கி நடு ரோட்டுக்குப் போயிருக்கிறாள். பின்னால் மினிபஸ் ஹாரன் அடிக்கவும் பதறிப்போய் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டாள். வண்டி அவளைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டுவிட்டது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் வாந்தி எடுத்தாள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் முழித்தாள். தஞ்சாவூர் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்ததில் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். பிழைத்தோம். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ தூங்கி வழிந்தாலோ சோடா கொடுக்கிற வேலை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான் என்பதை மறுநாள் பிரேயரில் மைக் வைத்துச் சொன்னேன்.

ஆக, ஹெல்மெட் வேண்டுமா என்பதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. 1989-ல் சியாட்டில் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு உனக்கு நினைவிருக்கும், ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் 85 சதவீதம் குறைவு என்று. அந்த எண் கொஞ்சம் அதிகம் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. அப்புறம் 2016-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கடுமையான தலைக்காயம் 69 சதவீதம் குறைகிறது என்று வந்தது. எந்த எண்ணை எடுத்தாலும் எனக்குப் போதும். உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்கிற சரக்குதானே. அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, மண்டைக்குப் போக வேண்டிய வேகம் குறைகிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி உப்பாது, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

சண்டை அந்தக் கேட்டில்தான் இருக்கிறது.

அரசாங்கம் கொடுக்கிற இந்த இலவச சைக்கிள் எதற்கு வந்தது என்று யோசித்துப் பார். 2001-02-ல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று ஆனது. பத்தாவது வரை உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ படித்துவிட்டு, மேல்நிலைப் பள்ளி தூரம் என்பதற்காக நின்றுபோன பெண்கள் நம் காலத்தில் எத்தனை பேர்! பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் அதை ஆராய்ந்து, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் அந்தப் பலன் அதிகம். அங்கே பெண்ணைப் படிக்க அனுப்பியது சைக்கிள்.

இப்போது நான் கேட்டில் நின்று ஹெல்மெட் இல்லாதவளைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்? அப்பா கூலி வேலைக்குப் போயிருப்பார். ஹெல்மெட் வாங்க ஒரு நாள் கூலிக்கு மேல் ஆகும். அன்றைக்கு லீவு, மறுநாளும் லீவு. மூன்றாம் நாள் மாமன் மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவாள், அவனுக்கும் ஹெல்மெட் இருக்காது, வேகம் மட்டும் இருக்கும். மெல்பர்ன் இருக்கிற உங்கள் விக்டோரியா மாநிலத்திலேயே என்ன ஆயிற்று? சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று 1990 ஜூலை 1 அன்று சட்டம் வந்தது, உலகத்திலேயே முதலில். போடுகிறவர்கள் 31 சதவீதத்திலிருந்து ஒரே வருஷத்தில் 75 ஆனார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் பதின்பருவப் பிள்ளைகள் சைக்கிள் எடுப்பதே நன்றாகக் குறைந்துபோனதாகவும் அங்கேயே எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை சைக்கிளை விட்டால் அப்பா காரில் கொண்டுவிடுவார், டிராம் இருக்கிறது. என் பெண் சைக்கிளை விட்டால் படிப்பையும் சேர்த்து விடுவாள்.

இன்னொன்றும் நீ எழுதவில்லை. சட்டத்துக்கு முன்னால் ஏறக்குறைய பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், ஹெல்மெட் விலையில் தள்ளுபடி கொடுத்தார்கள். நீ கடைசி வருஷத்தை மட்டும் எனக்கு எடுத்து அனுப்புகிறாய். இங்கே சட்டமும் என் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் ஹெல்மெட் கேட்கிறது, மிதிவண்டிக்கு இல்லை. சட்டம் கேட்கிற பைக்காரர்களே அதைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஆசிரியர்களில் சிலரும்தான். பெண்கள் அதைப் பார்க்காமலா இருக்கிறார்கள்?

சரி, சும்மா இருக்கிறேனா என்றால் இல்லை. பழைய மாணவிகள் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் போதாது என்பதால் மெயின் ரோட்டில் வருகிறவர்களுக்கு முதலில் வாங்கினோம். அங்கிருந்துதான் கூத்து ஆரம்பம். சைக்கிள் ஹெல்மெட் கேட்டால் கடைக்காரர் பைக் ஹெல்மெட்டைத் தூக்கி வைக்கிறார். அதைப் போட்டு ஐப்பசி வெயிலில் ஆறு கிலோமீட்டர் மிதித்தால் வந்ததும் மயங்கி விழுவார்கள், பின்னால் வரும் பஸ் சத்தமும் சரியாகக் காதில் விழாது. காற்றுப் போகிற துளை வைத்த லேசான சைக்கிள் ஹெல்மெட்டுக்குத் தஞ்சாவூர் வரை போக வேண்டியிருந்தது.

அடுத்து சடை. ரெட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்ட வேண்டும் என்பது நாம் படித்த நாள் முதல் உள்ள சட்டம். சிலர் சடையைக் காதுக்கு மேலேயே ஏற்றிக் கட்டுகிறார்கள். ஹெல்மெட்டை வைத்தால் முடிச்சு இடித்துக்கொண்டு நெற்றிக்கு மேலே ஏறி நிற்கிறது. புருவத்துக்கு மேல் ரெண்டு விரல்தான் இடம் விட வேண்டும், அதற்கு மேல் போனால் விழும்போது நெற்றிதான் முதலில் தரையில் படும். எச்.எம்.மிடம் பேசி, சடையைக் கழுத்தோரம் தாழ்த்திக் கட்டலாம், ஒற்றைச் சடையும் போடலாம் என்று அனுமதி வாங்கினேன். அவர் யோசித்த நேரத்தைப் பார்த்தால் பாடத்திட்டத்தையே மாற்றச் சொன்ன மாதிரி இருந்தது. பூ வைக்கிற வெள்ளிக்கிழமைக்கு இன்னும் தீர்வு இல்லை. பூவைப் பையில் கொண்டுவந்து இங்கே வந்து வைத்துக்கொள்கிறார்கள், நான் கண்டுகொள்வதில்லை.

பேன் இன்னொரு தலைவலி. ஒருத்தி ஹெல்மெட்டை இன்னொருத்தி போட்டால் ரெண்டு வீட்டு அம்மாவும் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, உள் பஞ்சைக் கழற்றித் துவைக்கச் சொல்லியிருக்கிறேன். கன்னப்பட்டை இறுக்குவது அதை விடப் பாடு. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ரெண்டு விரல் நுழைந்தால் போதும். இவர்கள் ஒரு கையே நுழைகிற மாதிரி தொங்கவிடுகிறார்கள், கழுத்து வலிக்குதாம். அப்படிப் போட்டால் விழுவதற்கு முன்னாலேயே ஹெல்மெட் பறந்துவிடும் என்று ஒருத்தியைக் குனியச் சொல்லிக் காட்டினேன். அது கழன்று உருண்டு ஓடி நாவல் மரத்தடியில் நின்றது. வகுப்பே சிரித்தது, ஆனால் மறுநாள் பட்டைகள் இறுகியிருந்தன.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை கேலி. பக்கத்துப் பையன்கள் ஸ்கூல் விடும் நேரத்தில் டீக்கடை ஓரம் நின்று "என்ன, பேட்டிங் இறங்கலையா?" என்கிறார்கள். தனியாகப் போகிற பெண் அந்தத் திருப்பத்துக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுகிறாள். அறிவுரை இதற்குச் செல்லாது. நம் கபடி டீமைப் பிடித்தேன். ரெய்டு போகிற பெண்கள், யார் கேலிக்கும் அஞ்சாதவர்கள். ஒரே ஊர்ப் பக்கம் போகிறவர்களைக் கூட்டமாக, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கபடிக்காரியை முன்னால் விட்டு அனுப்பினேன். பத்துப் பேர் ஒரே மாதிரி போட்டுக்கொண்டு போனால் போடாதவள்தான் தனியாகத் தெரிவாள். டீக்கடைப் பையன்கள் இப்போது வேறு வேலை பார்க்கிறார்கள். எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தால் பாதிப் பேருக்கு அது புத்தகத்துக்குக் குடை ஆகிவிடுகிறது.

ஆனால் கலா, விழுந்த அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு ஹெல்மெட் ரெண்டாவதாகத்தான் தோன்றுகிறது. அவளுக்கு யாரும் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, பின் பிரேக்கை ஒரு நொடி முந்திப் பிடி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளு என்று கால் மணி நேரம் கற்றுக்கொடுத்திருந்தால் விழுந்திருக்க மாட்டாளோ என்னவோ. நாம் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுத் தெருவில் விழுந்து எழுந்து படித்தோம், அப்போது தெருவில் மாட்டு வண்டிதான். இப்போது கையில் வண்டி வந்த மறுநாளே லாரிகளோடு போகிறார்கள்.

உங்கள் ஊரில் நடந்ததை நீயே மறந்துவிட்டாயா? 1991, 92-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், உன் அம்மா உட்பட! லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, முன்னால் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். வண்டியைக் கையில் கொடுத்ததோடு விடாமல் ஞாயிற்றுக்கிழமை கூட்டி வைத்து ஓட்டப் பழக்கினார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு வண்டி மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது, பழக்குகிற ஆளைத்தான் காணோம்.

அதனால் சனிக்கிழமைகளில் நம் சைக்கிள் கடை அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். புது வண்டியில்கூட நட்டு லூசாக இருக்கும், பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது. குள்ளமான பெண்களுக்கு சீட்டை இறக்கி, ரெண்டு கால் விரலும் தரையில் ஊன்றுகிற மாதிரி வைக்கிறார். டயருக்குக் காற்று, பெல், செயின் கவர். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு முடிச்சுப் போடப் பழக்கியிருக்கிறோம். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தைச் சுருட்டிவிடும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, திரும்பிப் பார்த்துவிட்டுக் கை காட்டித் திரும்பு என்கிறேன். கை காட்டச் சொன்னால் ஹேண்டிலை விடப் பயம், பாம்பாக நெளிகிறார்கள். கேரியரில் ஆள் ஏற்றி டபுள்ஸ் போவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. சைக்கிள் இல்லாத தங்கச்சி எப்படி வருவாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விளக்கு விஷயம் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் காலத்தில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார், ஞாபகம் இருக்கா? இப்போது கேட்பாரும் இல்லை, வண்டியில் விளக்கும் இல்லை. கார்த்திகை மாதம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஸ்பெஷல் கிளாஸ் விடுவது அதற்கும் மேல். பின் மட்கார்டில் சிவப்பு ஒட்டுப் பட்டை, பையின் மேல் வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கிறோம். ஹெல்மெட்டை விட இது மலிவு, எந்தப் பெண்ணும் முணுமுணுக்கவும் இல்லை.

ரோட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. நெதர்லாந்தில் பிள்ளைகள் ஹெல்மெட் இல்லாமல்தான் பள்ளிக்குப் போகிறார்கள், அதற்கும் காரணம் ரோடுதான். 1971-ல் அங்கே நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ரோட்டில் செத்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவில் இறங்கிய பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதை பெருகியது. இங்கே ஸ்கூல் திருப்பத்து வேகத்தடைக்கு வெள்ளை பூசச் சொல்லி மனு கொடுத்து அலைகிறோம். நெல் காயப்போடுகிறவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், களம் இல்லாதவர்கள் எங்கே கொட்டுவார்கள்? காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை ஒரு ஓரமாவது விட்டு வையுங்கள் என்று கேட்டேன். சிலர் விடுகிறார்கள்.

ஜனவரியில் வருவதாக எழுதியிருக்கிறாய். சாக்லேட் மூட்டை வேண்டாம். உன் பேரன் ஸ்கூலில் சைக்கிள் பழக்குகிற டீச்சரைப் பார்த்து, மைதானத்தில் என்னென்ன கோடு போடுகிறார்கள், எந்த வயசில் ரோட்டுக்கு அழைத்துப் போகிறார்கள், என்ன பரீட்சை வைக்கிறார்கள் என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வா. படம் எடுத்து வந்தாலும் சரி. பொங்கல் லீவு முடிந்து முதல் சனிக்கிழமை நீயே வந்து இவர்களுக்குக் கை காட்டித் திரும்பச் சொல்லிக்கொடு, நீயும் பி.டி. படித்தவள்தானே. அம்மாவையும் புதுக்கோட்டையிலிருந்து கூட்டி வா, ஜென்ட்ஸ் சைக்கிள் ஒன்று இங்கே ஸ்டாண்டில் கிடக்கிறது.

அன்புடன்,
வசந்தி