மேலவைக்கு என்ன சாக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

2001இல் நம் மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில், பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் 8(2) பிரிவில் ‘பாலினம்’ சேர்க்கப்பட்டது. சரி, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பாதுகாப்பு எதுவரை வரும்? கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், இந்தச் சமத்துவ உரிமையை அரசுக்கு எதிராகத்தான் கேட்கலாம், தனியார் முதலாளியிடம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் சட்டம் எழுதும் இடத்தில் பெண்கள் வேண்டும். 2022 பொதுத் தேர்தலில் 222 மக்களவை இடங்களில் பெண்கள் வென்றது ஏழில் ஒரு பங்குகூட இல்லை. “வெல்லக்கூடிய பெண் வேட்பாளர் கிடைக்கவில்லை” என்பார்கள் கட்சிக்காரர்கள். இங்கே செந்தூலில் தேர்தல் வந்தால் வீடு வீடாக ஏறி இறங்குவது யாராம்?

நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. 70 செனட்டர்களில் 44 பேர் நியமனம்தான். அதில் பாதியைப் பெண்களுக்குக் கொடுக்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. பிரதமர் மாமன்னருக்குப் பரிந்துரைத்தால் போதும். அடுத்த காலியிடங்களுக்கு எத்தனை தமிழ்ப் பெண்களின் பெயரைக் கொடுக்கப் போகிறார்கள் என்று நம் கட்சித் தலைவர்கள் இதே பக்கத்தில் பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்