ஏரிக்கரையில் தனிப்பாதை வேண்டாம், மலைச்சாலையின் ஓரத்தைச் சரிசெய்யுங்கள்

பெறுநர்: வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள், வனத்துறை அலுவலர்கள், ஜவ்வாது மலை ஊராட்சித் தலைவர்கள்

பொருள்: ஜவ்வாது மலையைச் சுற்றிய சாலைகளில் சைக்கிள் ஓட்டுவோருக்குத் தேவையான சில பராமரிப்புப் பணிகள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஏலகிரியில் புங்கனூர் ஏரியைச் சுற்றியோ, ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரிக் கரையிலோ சிமெண்ட் கல் பதித்து ‘சைக்கிள் பாதை’ என்று ஒரு பலகை நட்டுவிடலாம். குழந்தைகளுக்கு நல்லதுதான், வாடகைச் சைக்கிள் விடுகிறவருக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேலூரிலிருந்து கிளம்புகிறவர்களும், சென்னை, பெங்களூரு பக்கமிருந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் ஏரியைச் சுற்ற வருவதில்லை. அவர்கள் சுற்றுவது மலையை. வேலூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறி, ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டுவிட்டு, அமிர்திப் பக்கம் இறங்கி, கணியம்பாடி வழியாக வீடு திரும்புவது ஒரு முழுநாள் சுற்று. கால் ஓய்ந்தவர்கள் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கி, கண்ணமங்கலம் வழியாக நெடுஞ்சாலையில் வந்துவிடுவார்கள். மலை மட்டும் போதும் என்பவர்களுக்குப் பொன்னேரியில் பிரியும் ஏலகிரிச் சாலையும் அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கின்றன.

இந்தச் சாலைகளுக்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. இருக்கிற தார்ச்சாலையின் இடது ஓரத்தில் ஒரு மீட்டர் ஒழுங்காக இருந்தால் போதும். அந்த ஒரு மீட்டரில் என்ன கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதுதான் இந்த மடல்.

முதலில் சாலையின் விளிம்பு. பழைய தாரின் மேல் புதுத் தார் போடும்போது சாலை மட்டம் உயர்கிறது, மண் ஓரம் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. இரண்டு முறை மேல்தார் போட்ட இடத்தில் விளிம்பு கத்தி போலச் செங்குத்தாக நான்கு விரல்கடை இறங்கியிருக்கும். பின்னால் பேருந்து ஹாரன் அடித்ததும் சைக்கிள் மண்ணில் இறங்குகிறது. அதில் பெரிய ஆபத்தில்லை, ஆபத்து திரும்ப ஏறும்போதுதான். ஏறுகிற கோணம் மிகக் குறுகலாக இருப்பதால் முன்சக்கரம் விளிம்பில் ஏறாமல் அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடும். ஓட்டுகிறவர் ஹேண்டிலை வலதுபக்கம் திருப்புவார், சக்கரம் திரும்பாது, உடல் மட்டும் வலப்பக்கம் சாயும். அடுத்த நொடி அவர் விழுவது சாலைக்குள், அந்தப் பேருந்தின் பாதையில். இந்த விபத்து 28 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய டயருக்கு மட்டும் வருவதல்ல. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளும், பால்கேன் கட்டிய சைக்கிளும் இதே விளிம்பில்தான் இறங்கி ஏறுகின்றன.

இதற்கான வேலை சிறியது. தார் போடும் ஒப்பந்தத்திலேயே மண் ஓரத்தைக் கிராவல் கொட்டி, உருளை ஓட்டி, தார் மட்டத்துக்கு உயர்த்துவதையும் சேர்த்துவிடுங்கள். ‘ஓர வேலை பிறகு’ என்று தனியாகப் பிரித்தால் அந்தப் பிறகு வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். கிராவல் போட இடமில்லாத மலைச்சரிவில், தார் விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல் சுமார் 30 பாகை சரிவாக அமுக்கிவிட்டாலே சக்கரம் ஏறிவிடும்.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவு தெளிவாக இருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி நீளமாகக் கட்டிய தடையில் சைக்கிள் அலைபோல் ஏறி இறங்கிவிடும். மலையடிவார ஊர்களில் பல இடங்களில் இருப்பது வேறு: உயரம் அதே அளவு, அகலம் ஒரு முழம். ஊர்க்காரர்கள் கோபத்தில் கேட்க, ஒப்பந்தக்காரர் மீந்த தாரில் போட்டுக் கொடுத்தது போலத்தான் இருக்கும். அதைவிட மோசம், அதன்மேல் வெள்ளை வண்ணம் இல்லாதது. அணைக்கட்டு, ஒடுகத்தூர் சாலையில் புளியமர நிழல் வெயிலோடு கலந்து திட்டுத்திட்டாக விழும்போது, கறுப்புச் சாலையில் கறுப்பு மேடு கண்ணுக்கே தெரியாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும் சைக்கிள் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. எச்சரிக்கைப் பலகையை விதிப்படி 40 மீட்டர் முன்னால் வைத்தாலும் கிடைப்பது நான்கு நொடிகூட இல்லை. சமவெளிக்கு அது போதலாம். இறக்கத்தில் பலகையை 100 மீட்டர் முன்னால் நகர்த்துங்கள், தடைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்ணம் அடியுங்கள்.

இறக்கத்தில் பிரேக் பிடிப்பது மோட்டார் வண்டி போல அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை) உள்ள சைக்கிளில் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். அதனால் வளைவுக்கு முன்னால் அழுத்தி, நேர்ச்சாலையில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். வளைவு முடிந்ததும் எதிர்பாராமல் ஒரு தடை நின்றால், பிரேக்கை விட்டு ரிம் ஆறவேண்டிய இடத்திலேயே மறுபடி அழுத்த வேண்டிவரும். முடிந்தவரை தடையை வளைவுக்கு முன்னால் போடுங்கள், வளைவின் வாயில் வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் வரிசையாக ஒட்டப்படும் தடித்த வெள்ளைப் பட்டைகளால் கார் வேகம் குறைகிறது, நல்லதே. சைக்கிளில் அவை கையை உதறி பிரேக் லீவரிலிருந்து விரலை நழுவவிடும், தாங்கியிலிருந்து தண்ணீர் பாட்டில் தெறித்து ஓடும். பட்டையை இடது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கினால் இரண்டு தரப்புக்கும் சரி. அந்த அரை மீட்டரில் மணல் சேராமல் கூட்டிவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வழுக்கும். பேட்ச் ஒர்க் முடிந்ததும் உதிரி ஜல்லியும் இப்படித்தான். லாரிச் சக்கரங்கள் தள்ளித் தள்ளி அதை வளைவின் உள் ஓரத்தில் சேர்க்கும், சைக்கிள் சாய்வதும் அங்கேதான். ஒரு ஆள், ஒரு துடைப்பம், அரைநாள் வேலை.

சிறுபாலங்களின் வடிகால் கம்பிகள் சாலை ஓடும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால், கட்டைவிரல் அகலமே உள்ள டயர் இடைவெளியில் இறங்கி, சக்கரம் நின்று, ஆள் தலைக்குப்புறப் போவார். கம்பியைக் குறுக்குவாக்கில் திருப்பி வைத்தால் தீர்ந்தது.

ஆலங்காயம் தாண்டி மலையில் ஏறும்வரை டயரைக் கொல்வது வேலிகாத்தான் முள். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்றும், ஏரிக்கரைச் சுத்தம் என்றும் கிளைகளை வெட்டுகிறார்கள், பெரிய கிளைகளை விறகுக்கு எடுத்துப்போகிறார்கள், சில்லுக் கிளைகள் சாலையோரத்தில் காய்கின்றன. பச்சை முள்ளைவிடக் காய்ந்த முள் கொடியது: டயரில் ஏறியதும் ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். டியூபை மாற்றிப் பத்து நிமிடம் ஓட்டுவதற்குள் அதே நுனி புது டியூபையும் குத்தும். (புதிதாக வருகிறவர்களுக்கு: டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச்சுற்று வழித்துப் பாருங்கள், துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.) வெட்டுகிற துறை எதுவாக இருந்தாலும், வெட்டிய அன்றே அள்ளிப்போக வேண்டும் என்று ஒரு உத்தரவு போதும்.

மலைமேல் சாமை, கொள்ளு அறுவடைக் காலத்தில் கதிரைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரத்தில் அடிபட விடுவது வழக்கம். இதைப் பற்றிப் புகார் சொல்வதாக நினைக்க வேண்டாம். சாலையைவிட நல்ல களம் அங்கே பலருக்கு இல்லை. ஆனால் அந்தக் கதிர்த்தாளின் மேல் டயர் ஏறினால் ஈரக் கல்லில் ஏறியது போலவே வழுக்கும். அதோடு, தாள் பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியருக்குள் இழுபட்டு, ஃப்ரீவீல் பற்களில் சுற்றிக்கொண்டு, செயின் இறுகி நிற்கும். அதே நிலையில் மிதித்தால் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிள் மாடலுக்கும் தனி, ஜமுனாமரத்தூரில் கிடைக்காது, வேலூரிலும் பெரும்பாலும் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். மலைவாழ் மக்களிடம் அபராதம் கேட்பதற்கு முன்னால் ஊருக்கு ஒரு சிமெண்ட் உலர்களம் கட்டிக் கொடுங்கள். கட்டும்வரை, சாலையின் ஒரு பாதியில் மட்டும் பரப்பினால் போதும் என்று சொன்னால் கேட்பார்கள்.

விளக்கு பற்றி ஒரு வேண்டுகோள், இது வழக்கத்துக்கு எதிரானது. சாலைப் பாதுகாப்பு என்றதும் மலைச்சாலையில் சோலார் தெருவிளக்கு நடும் யோசனை வரும். காவலூர்ப் பக்கம் தயவுசெய்து வேண்டாம். அங்கே வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. 4130 ராமானுஜன் என்ற சிறுகோள் 1988-இல் அங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வேலைக்கு இருட்டு வேண்டும். விடிகாலையில் ஏறும் சைக்கிளுக்கும் தெருவிளக்கு அவசியமில்லை, சைக்கிளிலேயே விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சம் பட்டுத் திரும்ப, சாலை விளிம்பில் தொடர்ச்சியான வெள்ளைக்கோடும், வளைவுகளில் பிரதிபலிப்பான் பதித்த கம்பங்களும் இருந்தால் போதும். செலவும் குறைவு, கரண்ட் பில்லும் இல்லை.

வனத்துறைக்குச் சில வார்த்தைகள். சோதனைச்சாவடியில் சாலைக்குக் குறுக்கே சங்கிலி கட்டினால் அதில் மஞ்சள் கறுப்புத் துணியோ தகடோ தொங்கவிடுங்கள். விடியும் நேரத்தில் வெறுஞ்சங்கிலி கழுத்து உயரத்தில் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. எத்தனை மணிக்குத் திறப்பு, எத்தனை மணிக்கு அடைப்பு என்பதை அமிர்தியிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், மேலேறிய பிறகு தெரிந்து பயனில்லை. குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவதை உண்மையிலேயே நிறுத்துங்கள். தீனி கிடைக்கும் வளைவில் கூட்டம் உட்கார்ந்திருக்கும், இறக்கத்தில் வரும் சைக்கிளுக்குக் குறுக்கே ஒரு குட்டி ஓடினால் பிரேக் பிடிக்கவே நேரமிருக்காது.

ஊராட்சிகளிடம் கேட்பது தண்ணீர்தான். வேலூர் வெயிலில் மலையேறுகிறவருக்கு மணிக்கு முக்கால் லிட்டராவது வேண்டும், சைக்கிளில் பிடிப்பது இரண்டு பாட்டில். காவலூரிலும், ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்திலும், அமிர்தியிலும் பாட்டிலை நேராகப் பிடிக்கும் உயரத்தில் ஒரு குடிநீர்க் குழாய் இருந்தால், காட்டுக்குள் காலி பாட்டில் விழுவதும் குறையும்.

செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் 108-ஐ அழைக்கும்போது ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் கிலோமீட்டர் கல்தான். இடையிலுள்ள 200 மீட்டர் கற்களில் எண் அழிந்துகிடக்கிறது, பல கற்கள் புதரில். புதர் வெட்டி எண்ணை எழுதுவது ஒரு வாரப் பணி.

எங்கள் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும் என்பது தெரியும். மலைச்சாலையில் இருவர் அருகருகே பேசிக்கொண்டே ஏறுவதும், வழியில் தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லின் உறையைக் கிழித்து வீசிவிட்டுப் போவதும் நடக்கிறது. குழுவாகப் போகும்போது வரிசையில் போவதும், உறையைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைப்பதும் எங்கள் பொறுப்பு. அதேபோல மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி சைக்கிளுக்கும் பொருந்தும் என்று பேருந்து ஓட்டுநர்களுக்குச் சொல்லிவைத்தால் உதவியாக இருக்கும்.

கடைசியாக எல்லைப் பிரச்சினை. இந்தச் சுற்று முழுவதும் 1989 வரை வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் திருப்பத்தூரும் தனியாயிற்று. இன்று அதே சுற்று மூன்று மாவட்டங்களில் ஓடுகிறது. ஒரு பக்கம் தார் போட்டு எல்லைக்கல்லில் நிறுத்துவார்கள், மறுபக்கம் பள்ளம் தொடங்கும். மூன்று கோட்டப் பொறியாளர்களும் ஒரே நாளில் சேர்ந்து இந்தச் சாலையை ஒருமுறை பார்வையிட்டால் பாதிக் குறை அன்றைக்கே பட்டியலாகிவிடும். ஜீப்பில் வேண்டாம், ஜீப்பிலிருந்து விளிம்பு தெரியாது. அரைக் கிலோமீட்டர் நடந்து பாருங்கள், அல்லது யாரிடமாவது சைக்கிள் வாங்கி ஓட்டிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், புரட்டாசிக்குள் இது நடந்தால் கிராவல் கரையாமல் நிற்கும். எந்தக் கல்லருகே எந்த விளிம்பு, எந்தத் தடை, எந்தக் கம்பி என்று கிலோமீட்டர் வாரியாக எழுதிய பட்டியலும் படங்களும் எங்களிடம் இருக்கின்றன. தேதி சொன்னால் அன்று காலை ஆறு மணிக்கு அணைக்கட்டில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
வேலூர், ஆலங்காயம், போளூர் பகுதிகளில் சைக்கிள் ஓட்டுவோர்