கயாக்கின் வேகமா, ஆற்றின் வேகமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் விளையாட்டுப் பக்கங்களை விடாமல் படிப்பவன் நான். காற்பந்து, பூப்பந்து எல்லாம் வருகிறது, சரி. தண்ணீரில் நடப்பதைப் பற்றி மட்டும் பெரிதாக ஒன்றும் காணோம். இங்கே புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது கயாக் (இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஓட்டுகிறார்கள், செம்பனைக்கு அந்தப் பக்கம் சிலாங்கூர் ஆறு இருக்கும்போது ஓட்டாமல் என்ன செய்வார்கள். ஆனால் கரையேறியதும் கைப்பேசியை நீட்டி, "அங்கள், பன்னெண்டு தொட்டுட்டேன்" என்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மணிக்கு 12 கிலோமீட்டர், அதுவும் மூன்று மீட்டர் பிளாஸ்டிக் கயாக்கில். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர் ஒருவர் தேங்கிய தண்ணீரில் ஒரு மணி நேரம் நிற்காமல் போனால் 5 அல்லது 6 கிலோமீட்டர் போவார், அதுவே நல்ல வேகம். மீதி எங்கிருந்து வந்தது? ஒன்று, கைப்பேசி காட்டும் 'உச்ச வேகம்' என்கிற எண். ஜிபிஎஸ் சில மீட்டர் தவறு செய்வது சாதாரணம், மரக்கிளை கவிந்த கரையோரத்தில் இன்னும் மோசம். ஒரு விநாடியில் இடம் இரண்டு மீட்டர் தள்ளிப் பதிவானாலும் வேகம் தாறுமாறாக ஏறிவிடும். அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள், அந்தத் தூரத்தில் சின்னத் தவறுகள் கரைந்துவிடும். அப்புறம், நாம் நின்றால் தானும் கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளும் வசதி ஒன்று சில செயலிகளில் இருக்கிறது. இளைப்பாறிய நேரத்தை அது மறைத்துவிடும் என்பதால் முதலில் அதை அணைத்து வையுங்கள்.

இரண்டாவது காரணம் ஆறு. கோல சிலாங்கூர் முகத்துவாரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஆற்றுக்கு ஒரே திசை என்று கிடையாது, கடல் ஏறும்போது தண்ணீர் மேல்நோக்கிப் போகிறது, வற்றும்போது கீழ்நோக்கி இழுக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த இழுப்பு கூடும். எனவே பிள்ளைகள் எண்ணைச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, எந்தப் பக்கம் போனே?"

ஆற்றில் வேகம் அளக்க வேண்டுமானால் ஒரே தூரத்தை இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டும், இடையில் தேநீர் குடிக்கப் போகாமல் உடனுக்குடன். ஒரு கிலோமீட்டர் நீரோட்டத்தோடு ஏழரை நிமிடம், அதே கிலோமீட்டர் எதிர்த்து வர 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 8, வரும்போது 4. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 6, அதுதான் உங்கள் சொந்த வேகம், ஆற்றின் பங்கு 2. இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களே இடறுகிறார்கள். இரண்டு கிலோமீட்டரை மொத்த நேரமான 22 நிமிடம் 30 விநாடியால் வகுத்தால் 5.3 என்று வரும், கைப்பேசியும் அதைத்தான் சராசரி என்று காட்டும். எதிர்நீச்சலில் அதிக நேரம் கழிவதால் அந்தச் சராசரி உங்களுக்குக் குறைவாகவே மார்க் போடும். வேகத்துக்கு வேகம் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், திரும்பும் நேரமாக இருந்தால் போய், வந்து, மறுபடி போய் என மூன்று ஓட்டம் எடுத்து, முதலாவதையும் மூன்றாவதையும் சராசரியாக்கி நடுவிலுள்ளதோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. நம் கடற்படை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை உதவும், ஆனால் ஆற்றுக்குள் வர வர நேரம் தள்ளிப்போகும் என்பதை மறக்கக்கூடாது.

சரி, அளந்தாயிற்று. வேகத்தைக் கூட்டுவது எப்படி? எங்கள் பையன் ஒருவனிடம் ஒரு கடையில் நீளமான கயாக் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. படகு ஓடும்போது முன்னால் ஓர் அலை எழுகிறது, பின்னால் ஓர் அலை, வேகம் கூடக் கூட இரண்டுக்கும் இடைவெளி படகின் நீளத்தை எட்டிவிடும், அதற்குமேல் படகு தன் அலையின் மேட்டில் தானே ஏற வேண்டியிருக்கும். தண்ணீரைத் தொடும் நீளம் மீட்டரில் எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் அந்த வேக எல்லை தோராயமாகக் கிடைக்கும்: 3 மீட்டருக்கு மணிக்கு 7.8 கிலோமீட்டர், நாலரை மீட்டருக்கு 9.5. இது சுவர் இல்லை. ஒலிம்பிக்கில் ஓடும் ஒற்றையர் கயாக்கின் நீளம் 5.2 மீட்டரைத் தாண்டக்கூடாது, ஆனாலும் ஆடவர் இறுதிச் சுற்றில் 1,000 மீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள், மணிக்கு 17 கிலோமீட்டருக்கும் மேல், காரணம் அந்தப் படகு ஊசி மாதிரி ஒடுக்கம், அலையே பெரிதாக எழுவதில்லை. நம் அகலக் கயாக்குக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னொரு பக்கம், 5 கிலோமீட்டர் வேகத்தில் உலாவுகிறவருக்கு நீளப் படகால் பெரிய லாபமும் இல்லை. நனையும் பரப்பு கூடுவதால் உராய்வும் கூடும்.

படகை மாற்றும் முன் கையை மாற்றுங்கள் என்பேன். பெரும்பாலான பிள்ளைகள் துடுப்பை இடுப்புக்குப் பின்னால் வெகுதூரம் இழுக்கிறார்கள், அங்கே அது தண்ணீரை மேலே தூக்குகிறதே தவிர படகைத் தள்ளுவதில்லை. பாதத்துக்குப் பக்கத்தில் அலகு முழுவதும் மூழ்கிய பிறகு இழுக்கத் தொடங்கி, இடுப்பருகே வெளியே எடுத்துவிட வேண்டும். இழுப்பது கையல்ல, உடம்பைத் திருப்பும் திருப்பு, அதே பக்கக் கால் மிதியை உதைக்க வேண்டும். கால் மிதி எட்டாமல் தொங்கும் கால்களோடு ஓட்டுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் பலம் படகுக்குப் போய்ச் சேராது. துடுப்பை இறுக்கிப் பிடித்தால் முன்கை முதலில் சோர்ந்துவிடும். படகின் மூக்கு இடமும் வலமும் ஆடிக்கொண்டே போனால் திருத்தும் ஒவ்வொரு துடுப்பும் வீண்.

முன்னேற்றம் தெரிய ஒரு எளிய வழி: 500 மீட்டருக்கு எத்தனை துடுப்பு போட்டீர்கள் என்று எண்ணுங்கள். நேரம் அதேதான், எண்ணிக்கை குறைகிறது என்றால் ஒவ்வொரு இழுப்பும் கூடுதல் வேலை செய்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஒரு நிமிடம் முழு மூச்சாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள், மற்ற நாள் நிதானமாக நீண்ட தூரம். பொறுமை வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 6 லிருந்து 7 க்குப் போக ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல் உழைப்பு. ஒரு மாதத்தில் அரை கிலோமீட்டர் கூடினாலே மகனே, நீ கெட்டிக்காரன்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். ஆறு இந்தப் பாடு படுத்துவதால் அளப்பதற்குத் தேங்கிய தண்ணீர்தான் தோது. பெஸ்தாரி ஜெயா பக்கம், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை, ஈயம் எடுத்த குட்டைகள் இருக்கின்றன. அவை ஓரத்திலேயே திடீரென்று ஆழம், அடியில் சேறு, பிள்ளைகளைத் தனியாக விட முடியாது. நகராண்மைக் கழகமோ மாவட்ட இளைஞர் அமைப்போ பாதுகாப்பான ஒரு நீர்நிலையைப் பார்த்து, கரையில் 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களை நட்டுக் கொடுக்கட்டும். ஜிபிஎஸ் கடிகாரம் வாங்க முடியாத பிள்ளைக்கும் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் போதும், ஐந்து நிமிடத்தில் கடந்தால் 6 கிலோமீட்டர் வேகம். உயிர்காப்பு அங்கி போடாதவரை அந்தக் கோட்டில் ஓட்டவே விடக்கூடாது, இதில் விவாதமே வேண்டாம். இரண்டு கம்பத்துக்கும் பெயின்ட்டுக்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை, அளவு நாடா பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கயாக் ஓட்டி,
புக்கிட் ரோத்தான், சிலாங்கூர்