5 வோல்ட் ஏற்றிய கூடு: ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கேம்பாய் அட்வான்ஸ் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போர்டு ஒன்று, கூடுகள் இரண்டு – வடிவப் பிழை, அதனால் ஏற்பட்ட பழுது – மாற்றும் இழப்பீடும் கோருதல்

ஐயா/அம்மா,

வணக்கம். நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்காக, மெமரி கார்டிலிருந்து ஆட்டங்களை ஓட்டும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போர்டு ஒன்றையும், இத்தகைய போர்டுகளை மூடும் பிளாஸ்டிக் கூடுகள் இரண்டையும் உங்களிடம் வாங்கினேன். அவற்றின் குறை பற்றி உங்கள் உதவிப் பிரிவுக்கு இதுவரை நான்கு முறை மின்னஞ்சல் எழுதிவிட்டேன். நான்கு முறையும் "மெமரி கார்டை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள்" என்றுதான் பதில் வந்தது; அதாவது கார்டை முழுக்க அழித்து, கோப்புகளை வைக்கும் முறையைப் புதிதாக அமைக்கச் சொன்னீர்கள். கடைசிப் பதிலில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "கூடு அழகுக்கான துணைப்பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய போர்டில் எனக்குக் குறை தெரியவில்லை. பின்களில் தங்க முலாம் ஒழுங்காகப் பூசியிருக்கிறது. செருகும் ஓரத்தைச் சாய்வாகச் சீவியும் விட்டிருக்கிறீர்கள். மலிவான போர்டுகளில் இந்தச் சீவல் இருக்காது. கூர்மையான ஓரம், கருவியில் கார்ட்ரிட்ஜைச் செருகும் ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் பின்களை ஒவ்வொரு முறையும் சுரண்டிக்கொண்டே போகும். இருபது வருடம் தாண்டிய கருவிக்கு அந்த ஸ்லாட்தான் உயிர் என்பதால் இதையெல்லாம் பார்த்துத்தான் உங்களிடம் வாங்கினேன். போர்டு தனி, கூடு தனி, பிடித்த நிறத்தில் வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்பதும் பிடித்திருந்தது.

பிரச்சினை பூட்டும்போதே ஆரம்பித்தது. அட்வான்ஸ் கூட்டோடு வந்த ஸ்க்ரூ மூன்று கால் நட்சத்திரம் மாதிரி தலை உள்ளது. அசல் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களிலும் அதே வகைதான், அது சரி. ஆனால் நீங்கள் இலவசமாக வைத்த ஸ்க்ரூடிரைவர் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட். அது பழைய கேம்பாய், சூப்பர் நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களைத் திறப்பதற்கானது. சிரித்துக்கொண்டே என்னிடமிருந்த வேறொன்றால் முடுக்கினேன். பேக்கிங்கில் ஏதோ மாறிப்போயிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, கூட்டிலும் அதே குழப்பம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கார்ட்ரிட்ஜைச் செருகி சுவிட்சைப் போட்டால் அட்வான்ஸின் வழக்கமான தொடக்கத் திரை வரவில்லை. வேறு ஏதோ ஒன்று வந்தது, கீழே குப்பையாக ஒரு பட்டை தெரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பின்களைத் துடைத்து, மறுபடி செருகினேன். அதேதான். உங்களுக்கு எழுதினேன், ஃபார்மேட் செய்யச் சொன்னீர்கள். என் கார்டு 32 ஜிபி. ஏற்கெனவே எஃப்ஏடி32-இல்தான் இருந்தது. அதற்கு மேற்பட்ட கார்டுகள்தான் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வந்து இப்படித் தகராறு செய்யும். சரி, சொன்னதைச் செய்வோம் என்று எல்லாவற்றையும் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்து மறுபடி போட்டேன். நான்காவது முயற்சியோ ஐந்தாவதோ, கார்டை வெளியே எடுத்தபோது தொட்டால் சூடாக இருந்தது. அதன்பிறகு கணினிகூட அந்தக் கார்டை அடையாளம் காணவில்லை.

காரணத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது பழைய கேம்பாய்க்கான ஒரு டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜ். கருவிதான் போய்விட்டதோ என்ற பயத்தில் அதை எடுத்துச் செருகிப் பார்த்தேன். ஆட்டம் ஓடியது. ஆனால் அதற்கு முன்னால் வந்த தொடக்கத் திரை, உங்கள் கார்ட்ரிட்ஜைப் போட்டபோது வந்த அதே திரை. அதாவது, உங்கள் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை என் கருவி பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜ் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு இது தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 2001-இல் அட்வான்ஸ் வந்தபோது, 1989-இலிருந்து வெளியான கேம்பாய் கார்ட்ரிட்ஜ்களும் அதில் ஓட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஸ்லாட்டுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜைச் செருகினால் அதன் உடம்பு அந்த சுவிட்சை அழுத்தும். அழுத்தியதும் கருவி அதற்கு முந்தைய மாடலான கலர் கேம்பாயாக மாறி, கார்ட்ரிட்ஜுக்கு 5 வோல்ட் கொடுக்கும். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் பக்கவாட்டில் வெட்டு இருக்கும். அதனால் சுவிட்சின்மேல் எதுவும் படாது, 3.3 வோல்ட்தான் போகும். இந்த வேறுபாட்டை எந்த சிப்பும், எந்த மென்பொருளும் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக்கின் வடிவம் மட்டும்தான் சொல்கிறது.

உங்கள் கூட்டை அசல் கார்ட்ரிட்ஜின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டு இருக்க வேண்டிய இடம் பாதி மூடியிருக்கிறது. நகத்தால் தடவினாலே தெரிகிறது. வார்ப்பில் மிஞ்சிய பிசிறா, அச்சே தப்பா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடியிருப்பதால் அச்சுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. அப்படியென்றால் இதே கூட்டை வாங்கிய எல்லோருடைய போர்டுக்கும் இதே கதிதான்.

3.3 வோல்ட்டுக்குச் செய்த போர்டில் 5 வோல்ட் ஏறினால் என்ன ஆகும் என்று போர்டு தயாரிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் போர்டை ஓடாத ஓர் அசல் கார்ட்ரிட்ஜின் கூட்டுக்குள் மாற்றிப் பூட்டி, புதிய கார்டு போட்டுப் பார்த்தேன். அட்வான்ஸ் தொடக்கத் திரை உடனே வந்தது, பட்டியலும் வந்தது. ஆனால் கால் மணி நேரம் ஆடுவதற்குள் நின்றுவிடுகிறது. சில முறை கார்டு இல்லை என்கிறது. கருவி நல்லவேளை பிழைத்தது. அசல் கார்ட்ரிட்ஜ்கள் அதில் குறையில்லாமல் ஓடுகின்றன.

ஃபார்மேட் செய்யச் சொன்ன உங்கள் பதிலால் ஒரே ஒரு நன்மை உண்டு. அதற்காக நகல் எடுத்ததால்தான் என் சேவ்கள், அதாவது ஆட்டங்களில் எட்டிய நிலையின் பதிவுகள், தப்பின. பள்ளிக்கூட நாளில் தொடங்கிய போக்கிமான் ரூபி ஆட்டம் அதில் இருக்கிறது. அசல் கார்ட்ரிட்ஜில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றுபோனதால்தான், என் கார்ட்ரிட்ஜிலிருந்து நானே படியெடுத்து ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜுக்கு மாறினேன். அந்த சேவ் போயிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்காது.

இரண்டாவது கூடு பழைய கேம்பாய்க்கானது. என்னிடம் முன்பே இருந்த ஒரு ஃபிளாஷ் போர்டுக்காக வாங்கினேன். "1989 மாடலிலும் வேலை செய்யும்" என்று உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. செய்யாது. அந்த மாடலில் சுவிட்சைத் தள்ளும்போது ஒரு பிளாஸ்டிக் துண்டு நகர்ந்துவந்து கார்ட்ரிட்ஜின் மேல் மூலையில் உள்ள வெட்டுக்குள் உட்காரும். ஆட்டத்தின் நடுவே கார்ட்ரிட்ஜை யாரும் உருவிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. கலர் கேம்பாயில் மட்டும் ஓடும் கார்ட்ரிட்ஜ்களுக்கு அந்த வெட்டு கிடையாது; அவற்றை வைத்தால் பழைய கேம்பாயின் சுவிட்ச் நகரவே நகராது. நீங்கள் அனுப்பியது அந்த வகைக் கூடு. கலர் கேம்பாயில் ஓடுகிறது, பழையதில் சுவிட்சே போட முடியவில்லை. அரம் வைத்து மூலையைத் தேய்த்துக்கொள்ளலாம்தான். காசு கொடுத்து வாங்கிய புதிய பொருளுக்கு அந்த வேலையை நான் ஏன் பார்க்க வேண்டும்?

மெமரி கார்டுக்கான துளை குறுகலாக இருப்பதும், கார்டை எடுக்க ஒவ்வொரு முறையும் சாமணம் தேவைப்படுவதும் சின்ன விஷயங்கள். அவற்றை இங்கே பெரிதாக்கவில்லை.

அப்புறம் உத்தரவாதம். "கூட்டைத் திறந்தால் போர்டின் உத்தரவாதம் ரத்து" என்று உங்கள் விதிமுறையில் இருக்கிறது. திறந்த நிலையில் துண்டு துண்டாக நீங்களே அனுப்பிய பொருளுக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று இரண்டு மின்னஞ்சல்களில் கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

நான் கேட்பது இதுதான். பழுதான போர்டுக்குப் பதில் புதிய போர்டு, அதோடு சரியான வடிவத்தில் இரண்டு கூடுகள், பழுதான மெமரி கார்டின் விலை. சரியான கூடு உங்களிடம் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், மறுபடியும் அதே அச்சில் வார்த்ததை அனுப்ப வேண்டாம். அட்வான்ஸ் கூட்டின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டாம் என்று இன்றே எழுதுங்கள். என் பணத்தைவிட இதுதான் அவசரம். யாரோ ஒருவர் இந்த நேரத்தில் உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஐந்தாவது முறையாக ஃபார்மேட் செய்துகொண்டிருக்கக்கூடும்.

அசல் கார்ட்ரிட்ஜையும் உங்கள் கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், இரண்டு தொடக்கத் திரைகளின் வீடியோ, சுவிட்ச் நகராத பழைய கேம்பாயின் வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஆர்டர் எண் மின்னஞ்சலின் தலைப்பில் இருக்கிறது. 15 நாட்களுக்குள் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இரண்டு கூடுகளையும் சீவாமல், தேய்க்காமல் வந்தபடியே வைத்திருக்கிறேன். தபால் செலவை நீங்கள் ஏற்றால் போர்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அந்த ஸ்க்ரூடிரைவரை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பழைய கார்ட்ரிட்ஜ்களில் பேட்டரி மாற்ற உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்