படைக்கு ஆளாக மறுக்கலாம், படைக்குப் பணம் தர மறுக்கக் கூடாதா?

சட்டம் இயற்றும் அவைகளில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டின் அவையில் இருந்தாலும், எந்தக் கட்சியின் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி தூக்க மாட்டேன் என்பவருக்குப் பல நாட்டுச் சட்டங்கள் விலக்குத் தருகின்றன. துப்பாக்கி வாங்கப் பணம் தர மாட்டேன் என்பவருக்கும் அந்த விலக்கைத் தாருங்கள். அவர் கட்டவேண்டிய வரியில் ஒரு காசுகூடக் குறைக்க வேண்டாம். அது படைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முதல் விலக்கே எளிதில் கிடைத்துவிடவில்லை. 1916-ல் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தபோது, மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்களுக்கென்று சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்தது. அப்படியும் ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-ல், குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் காக்கும் 18-வது பிரிவிலிருந்தே படைச் சேவையை மறுக்கும் உரிமையும் வருகிறது என்று விளக்கம் தந்தது. உயிரைப் பறிக்கும் வேலையைச் செய்யச் சொல்வது மனச்சாட்சிச் சுதந்திரத்தோடு கடுமையாக மோதக்கூடியது என்பது அது சொன்ன காரணம். ஆனால் அதே குழு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், 1991-ல், கனடாவிலிருந்து வந்த ஒரு முறையீட்டை ஏற்க மறுத்திருந்தது. முறையிட்டவர், படைச் செலவுக்குப் போகும் பங்கை வரியில் நிறுத்திவைத்தவர். படைச் செலவை மனச்சாட்சியின்படி எதிர்க்கலாம், அந்தக் கருத்தைச் சொல்லலாம், பரப்பலாம், ஆனால் வரி கட்ட மறுப்பது அந்தப் பிரிவின் பாதுகாப்புக்குள் வராது என்றது குழு.

ஒருவரின் கையைக் கொலையிலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதிக்கும் சட்டம், அந்தக் கை உழைத்துச் சேர்த்த பணத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் கோடு போட்டது நியாயமில்லை. காலமும் மாறிவிட்டது. 1916-ல் போருக்கு முதலில் தேவைப்பட்டது ஆள். இன்று முதலில் தேவைப்படுவது பணம். பிரிட்டனில் கட்டாயச் சேவைக்கு ஆளெடுப்பது 1960-ல் நின்றது, அமெரிக்காவில் 1973-ல் நின்றது. போர் நிற்கவில்லை. உலக நாடுகளின் படைச் செலவு 2024-ல் 2,71,800 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. முந்தைய ஆண்டைவிட 9.4 சதவீதம் அதிகம். ஆளில்லா விமானத்தை இயக்கச் சிலர் போதும், அதை வாங்கத்தான் கோடிக்கணக்கானவர்களின் பணம் தேவை. அன்று படைக்கு அழைக்கப்பட்ட இளைஞனிடமாவது வருகிறாயா என்று கேட்டார்கள். அவன் மாட்டேன் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த நொடிகூட இல்லை. பணம் கைக்கு வருமுன்பே பிடித்தம் ஆகிவிடுகிறது.

அந்தப் பிடித்தமும் போரில் பிறந்ததுதான். பிரிட்டனில் வருமான வரியை 1799-ல் வில்லியம் பிட் கொண்டுவந்தது பிரான்சோடு நடந்த போருக்காக. கனடா 1917-ல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே வருமானப் போர்வரிச் சட்டம். அமெரிக்காவில் 1939-ல் சுமார் 40 லட்சம் பேர் வருமான வரி கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும்போது அது 4 கோடியைத் தாண்டியிருந்தது. அத்தனை பேரிடம் வசூலிக்க ஒரு வழி வேண்டுமே, அதற்காக 1943-ல் வந்ததுதான் சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கும் முறை. போர் முடிந்தது, பிடித்தம் நிலைத்துவிட்டது. தொலைபேசிக் கட்டணத்தின் மீதான அமெரிக்க வரிகூட 1898-ல் ஸ்பெயினோடு நடந்த போருக்காக வந்ததுதான். 1966-ல் வியட்நாம் போருக்காக அதை 10 சதவீதமாக உயர்த்தினார்கள். அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் மாதாமாதம் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, அந்த வரித்தொகையைக் கழித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது சில்லறைக் காசுதான். ஆனாலும் இன்ன போருக்கு இன்ன வரி என்று தெரிந்து மறுக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. பொது வருமான வரியில் அந்த இடமும் இல்லை.

மறுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 1846-ல் அவர் சிறையில் இருந்தது ஓர் இரவு, வேறொருவர் வரியைக் கட்டிவிட்டதால் மறுநாள் வெளியே வந்தார். எனக்கு அவரைவிட முக்கியமாகப் படுவது 1755-ல் பென்சில்வேனியாவில், போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் செய்தது. அங்கே சட்டம் இயற்றும் அவையில் அவர்கள் சமயத்தாரே செல்வாக்கோடு இருந்தார்கள். அப்படியிருந்தும், போருக்கென்று வரி விதித்தால் அதைக் கட்டுவதைவிட வரும் துன்பத்தை ஏற்கிறோம் என்று தங்கள் ஆட்களிடமே எழுதித் தந்தார்கள். ஜான் வுல்மனும் வேறு சிலரும் அதே ஆண்டு சக குவேக்கர்களுக்கும் இதைப் பற்றி மடல் எழுதினார்கள். 1982-ல் சியாட்டில் நகரப் பேராயர் ரேமண்ட் ஹன்ட்ஹாசன் அணு ஆயுதங்களை எதிர்த்துத் தன் வருமான வரியில் பாதியை நிறுத்திவைத்தார். மறைத்துச் செய்யவில்லை, எல்லாருக்கும் அறிவித்துவிட்டுச் செய்தார்.

மாசசூசெட்ஸில் கோல்ரெய்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த ராண்டி கெலரும் பெட்ஸி கார்னரும் 1970-களிலிருந்து மத்திய அரசின் வருமான வரியைக் கட்டவில்லை. ஊர் வரியும் மாநில வரியும் ஒழுங்காகக் கட்டினார்கள், ஏனென்றால் அந்தப் பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போகிறது. நிறுத்திய தொகையைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல், வீடற்றவர்களுக்கும் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கொடுத்தார்கள். 1989-ல் அரசு அவர்கள் வீட்டை ஜப்தி செய்தது. அவர்கள் வெளியேற மறுத்தார்கள். 1991-ல் கைது நடந்தது. அப்புறம் வீடு ஏலத்துக்குப் போனது. ஆதரவாளர்கள் முறைவைத்து அந்த வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். இந்தக் குடும்பத்தை வரி ஏய்ப்பவர் என்ற ஒரே பெட்டியில் போடுவது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது. ஏய்ப்பவர் வருமானத்தை மறைப்பார், பணத்தைப் பையில் போட்டுக்கொள்வார். இவர்கள் வருமானத்தைச் சொன்னார்கள், காரணத்தைச் சொன்னார்கள், பணத்தை யாருக்குக் கொடுத்தோம் என்றும் சொன்னார்கள். வேறு சிலர் இன்னும் கடினமான வழியைப் பிடிக்கிறார்கள். வரி வரம்புக்குக் கீழே இருக்கும்படி தங்கள் சம்பாத்தியத்தையே ஆயுள் முழுக்கச் சுருக்கிக்கொள்கிறார்கள். நேர்மையான ஒருவரை வறுமையைத் தேர்ந்தெடுக்க வைப்பது எந்தச் சட்டத்துக்கும் பெருமை இல்லை.

இனி உங்கள் மறுப்புக்கு வருகிறேன். ஆளாளுக்கு எனக்கு இது பிடிக்கவில்லை, அது பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தால் வரி அமைப்பே நடக்காது என்பீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1982-ல் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த லீ என்பவரின் வழக்கில் இதைத்தான் சொன்னது. அவர் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட மறுத்தவர். போரைப் பாவமாகக் கருதுபவருக்கும் இப்படி விலக்குத் தர நேர்ந்தால் என்ன ஆகும் என்று நீதிமன்றமே போர்வரியை எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கைவிரித்தது. ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். நீதிமன்றம் தராத விலக்கை, முதலாளியும் தொழிலாளியும் ஆமிஷ் சமயத்தாராக இருந்தால் பெறலாம் என்று 1988-ல் நாடாளுமன்றமே சட்டத்தில் சேர்த்தது. வரி அமைப்பு நின்றுவிடவில்லை. நீதிபதிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு இதுதான் காரணம்.

லீ கேட்டது கட்டாமல் இருக்க. நாங்கள் கேட்பது முழுவதையும் கட்டிவிட்டு, போகும் இடத்தை மட்டும் மாற்ற. இதற்கும் முன்மாதிரி உண்டு. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864-ல் அமெரிக்கா, சமய நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் மருத்துவமனையில் வேலை செய்யலாம், அல்லது 300 டாலர் கட்டலாம் என்றது. அந்தப் பணம் காயமுற்ற, நோயுற்ற வீரர்களுக்கே செலவாக வேண்டும் என்றும் எழுதிவைத்தது. பணத்துக்கும் மனச்சாட்சி உண்டு என்பதை ஒரு போர்க்கால அரசே அன்று ஒப்புக்கொண்டது. இத்தாலியில் 1985-ல் இயற்றிய சட்டப்படி, வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு அரசின் நலப்பணிக்கா, எந்தத் திருச்சபைக்கு என்று வரி கட்டுகிறவரே குறித்துக் கொடுக்கிறார். வரிப் படிவத்தின் ஒரு கட்டத்தில் குறியிடுவது நிர்வாகத்தால் முடியாத வேலை இல்லை.

சாலை பிடிக்காதவர், மருத்துவமனை பிடிக்காதவர் எல்லாரும் நாளை வந்து நிற்பார்களே என்றால், உங்கள் சட்டங்களே அதற்குப் பதில் வைத்திருக்கின்றன. சாலை போடும் வேலையிலிருந்து யாருக்கும் நீங்கள் மனச்சாட்சி விலக்குத் தருவதில்லை. கொல்வதிலிருந்து தருகிறீர்கள். அதே எல்லை பணத்துக்கும் போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது, அதை மறுப்பாளர்களே எழுப்புகிறார்கள். எல்லாப் பணமும் ஒரே குளத்துத் தண்ணீர். என் பங்கைப் பள்ளிக்குத் திருப்பினால், வேறொருவர் பங்கு படைக்குத் திரும்பும். போர் அப்படியே நடக்கும் என்கிறார்கள். சரி, உண்மைதான். இந்தச் சட்டம் மட்டும் ஒரு குண்டையும் குறைக்காது. துப்பாக்கி ஏந்த மறுத்தவருக்குத் தந்த விலக்கும் போரை நிறுத்தவில்லையே. அவருக்குப் பதிலாக வேறொருவர் போனார். அதற்காக அந்த விலக்கு வீண் என்று யாரும் சொல்வதில்லை. மேலும், எத்தனை பேர் இப்படிக் குறித்தார்கள், எவ்வளவு தொகை என்ற கணக்கை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கட்டும். படைக்கான ஒதுக்கீட்டுக்குக் கை தூக்குமுன் அந்த எண்ணை நீங்கள் ஒருமுறையாவது படிக்க நேரும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு மசோதாவை 1972-லேயே ரான் டெல்லம்ஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்தார். பின்னால் ஜான் லூயிஸும் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. உங்கள் அவையில் யாராவது ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவாருங்கள். அது சட்டமாகும்வரை, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மறுப்பவர்களை ஏய்ப்பவர்களோடு சேர்க்காதீர்கள். பாக்கியை வட்டியோடு வசூலியுங்கள், அதற்காகக் குடியிருக்கும் வீட்டைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் போர் எதிர்ப்பைக் காரணம் காட்டி வரியைக் குறைத்துக் கணக்குத் தாக்கல் செய்தால் 5,000 டாலர் அபராதம் விதிக்க வழி இருக்கிறது. காரணத்தைச் சொல்லி மறுத்ததற்கான அத்தகைய தனித் தண்டனை உங்கள் சட்டத்தில் இருந்தால் நீக்குங்கள். மசோதா வாக்கெடுப்புக்கு வரும் நாளில் குரல் வாக்கில் முடித்துவிடாமல், பெயர் சொல்லி வாக்களியுங்கள். தோற்றாலும் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது அவைக் குறிப்பில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவர்